பருந்து இல்லாத டிப்போ

மார்ச் 6

அன்பு மகளுக்கு,

நீ நலமா என்று கேட்பதற்கு முன் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் உன் அம்மா முந்திக்கொள்வாள். அவள் வாயால் கேட்டால் இன்னும் கேவலமாக இருக்கும்.

டிப்போவில் பஸ் கழுவுகிற இடத்துக்குப் புதிதாக ஆட்கள் சேர்ந்திருக்கிறார்கள். மேஸ்திரி என்கிற முறையில் அவர்களை வரிசையாக நிற்க வைத்து, சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழாமல் இருப்பது எப்படி என்று வகுப்பு எடுத்தேன். "ரப்பர் பூட்ஸ் போடாம இந்தத் தரையில கால் வெக்கிறவன் முட்டாள்" என்று சொன்னேன். சொன்னபோது என் காலில் இருந்தது குளியலறைச் செருப்பு. பூட்ஸை வெயிலில் காயவைத்திருந்தேன். அடுத்த நொடி இரண்டு காலும் வானத்தைப் பார்த்தன. இடது விலா, நின்றிருந்த பஸ்ஸின் படிக்கட்டு விளிம்பில் போய் மோதியது. புது ஆட்கள் இதுவும் பாடத்தில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள். நானும் எழுந்து தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டேன். வேறு என்ன செய்ய.

டீ குடித்தால் சரியாகிவிடும் என்று நடந்து போனேன். வேடிக்கை பார், அடிபட்டது விலாவில், வலித்தது இடது தோளில். டீக்கடை அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மேஸ்திரி, வெள்ளையடிச்ச சுவர் மாதிரி இருக்கீங்க, உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தது நினைவிருக்கிறது. பிறகு ஆஸ்பத்திரி விளக்குகள்தான்.

சர்ஜன் சின்ன வயதுக்காரர், நல்ல மாதிரி. "உங்க மண்ணீரல் கிழிஞ்சிருக்கு, உள்ளே ரத்தம் கொட்டுது, எடுத்தாகணும்" என்றார். நான், "அது எனக்கு இருந்துச்சா சார்?" என்று கேட்டேன். நர்ஸ் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். இத்தனை வருடம் கூடவே இருந்த ஒன்றை, போகும்போதுதான் அறிமுகம் செய்துவைத்தார்கள்.

போனில் உன்னிடம் கால் சுளுக்கு என்று சொன்னேன். நீ ஹாஸ்டலில் சேர்ந்த அன்றைக்கு நீயேதான் சட்டம் போட்டாய்: போனில் என்ன வேண்டுமானாலும் அளக்கலாம், கடிதத்தில் உண்மை மட்டும். ஆகவே இந்தக் கடிதம். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டேன். தையல் நன்றாக ஆறுகிறது. சிரித்தால் மட்டும் வலிக்கிறது. அதனால் டிப்போவில் நாங்கள் பருந்து என்று கூப்பிடுகிற அந்தச் சிரிப்புக்காரரை வீட்டுப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ கிளம்பி வராதே. வாய்மொழித் தேர்வு இருக்கிறது என்றாயே, அதைப் பார்.

கிழிந்து, தைக்கப்பட்டு, நன்றாக இருக்கும்
உன் அப்பா


மார்ச் 15

அன்புள்ள அப்பா,

கால் சுளுக்கு என்றீர்கள். பின்னால் இருந்து அம்மா "ஆமா, சுளுக்குதான், எண்ணெய் தடவறேன்" என்று ஒத்து ஊதினாள். உங்கள் இரண்டு பேரையும் என்ன செய்வது?

உங்கள் கடிதம் தேர்வு நாள் காலையில் கைக்கு வந்தது. படிக்காமல் போயிருக்கலாம். படித்துவிட்டுத்தான் போனேன். தேர்வாளர் மேசையில் நான்கைந்து கண்ணாடி ஜாடிகள் இருந்தன. அவர் ஒன்றை என் பக்கம் நகர்த்தி, "இது என்ன, இதன் வேலை என்ன?" என்று கேட்டார். மண்ணீரல், அப்பா. உள்ளங்கை அளவு, கருநீலமாக, ஓரத்தில் ஒரு வெட்டுடன். எல்லாம் படித்ததுதான். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அதைப் பார்த்ததும் "அது எனக்கு இருந்துச்சா சார்?" என்று உங்கள் குரல்தான் கேட்டது. வாய் திறக்கவில்லை. அவர் தண்ணீர் கொடுத்தார். அதையும் குடிக்க முடியாமல் அழுதேன். "அடுத்த முறை வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

ஜூனில் மறுதேர்வு. ஆனால் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு ஜாடியைப் பார்த்து அழுகிறவள் நாளைக்கு நோயாளி முன்னால் என்ன செய்வாள்? படிப்பை இத்தோடு நிறுத்திவிட்டு ஊருக்கு வந்துவிடலாமா என்று தோன்றுகிறது. வீட்டுப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை கிடைத்தால்கூடப் போதும். உங்களையும் பார்த்துக்கொள்ளலாம். மண்ணீரல் இல்லாதவர்களைக் கவனிக்க ஆள் வேண்டும் அப்பா, அது விளையாட்டில்லை.

அம்மாவிடம் இதைச் சொல்லாதீர்கள்.

உங்கள்
மகள்


மார்ச் 23

அன்பு மகளுக்கு,

என் மண்ணீரல் என் வயிற்றை விட்டு வெளியே போன பிறகும் சும்மா இருக்கவில்லை, உன் பரீட்சையையும் கெடுத்திருக்கிறது. இப்படிப்பட்ட ஒன்றை உள்ளே வைத்துக்கொண்டா இத்தனை நாள் சுற்றினேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் கடிதம் படிக்கும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டாள். "என்னவாம்?" என்றாள். "பரீட்சை கொஞ்சம் தள்ளிப் போயிருக்காம்" என்றேன். "பரீட்சை தள்ளிப் போச்சா, பொண்ணு தள்ளிப் போனாளா?" என்றாள். என்னமோ அவள்தான் தேர்வாளர் மாதிரி.

இங்கே பார் பாப்பா. நீ ஊருக்கு வரலாம், உன் வீடு. ஆனால் என்னைச் சாக்கு வைத்து வராதே. என்னால் ஒரு பஸ் லேட் ஆனது என்றால்கூட எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. ஒரு டாக்டர் லேட் ஆனால்?

ஒன்று செய்வோம். தேர்வாளர் கேட்டதை நான் கேட்கிறேன். மண்ணீரல் என்றால் என்ன, அதன் வேலை என்ன? எனக்கு எழுது. உன் புத்தகத் தமிழ் வேண்டாம். நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியாரைப் பார்த்தாலே வயிற்றுவலி வந்து வீட்டுக்குப் போனவன். அந்த ஆளுக்குப் புரிகிற மாதிரி எழுது. எனக்குப் புரிந்துவிட்டால் நீ ஜூனில் போய் உட்கார வேண்டும். புரியவில்லை என்றால் மருந்துக்கடை வேலைக்கு நானே சிபாரிசு செய்கிறேன், கடைக்காரர் எனக்குத் தெரிந்தவர்தான்.

இது எனக்கும் தேவை. சர்ஜன் நிறையச் சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் "சரிங்க சார்" என்றேன். எதுவும் விளங்கவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது.

மண்டு மாணவனாகிய
உன் அப்பா


ஏப்ரல் 3

அன்புள்ள அப்பா,

நீங்கள் பெரிய தந்திரக்காரர். சரி, ஒரே ஒரு கடிதம் எழுதுகிறேன். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

உடம்பில் ஓடுகிற ரத்தம் முழுவதும் மண்ணீரல் வழியாகவும் திரும்பத் திரும்பப் போய் வருகிறது. உள்ளே மிகக் குறுகலான சந்துகள் இருக்கின்றன. ரத்தத்தின் சிவப்பணு இளமையாக இருந்தால் வளைந்து நெளிந்து சந்தில் புகுந்து வந்துவிடும். வயதாகி விறைத்துப்போனது மாட்டிக்கொள்ளும். மாட்டியதை மண்ணீரல் அங்கேயே பிரித்து, இரும்பை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளும். இது முதல் வேலை.

இரண்டாவது வேலைதான் முக்கியம். ரத்தத்தில் கிருமி நுழைந்தால் அதை முதலில் பார்க்கிற இடங்களில் ஒன்று மண்ணீரல். அங்கே காவலுக்கு வெள்ளை அணுக்கள் காத்திருக்கின்றன. சில கிருமிகள் சர்க்கரையால் ஆன ஒரு மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு வரும். நிமோனியா, மூளைக்காய்ச்சல் கொண்டுவருகிற சில வகைகள் அப்படித்தான். கோட்டு வழவழப்பானது, சாதாரணக் காவலர்கள் பிடித்தால் கை நழுவும். கல்லீரலும் பிடிக்கும், ஆனால் யாராவது முதலில் அவற்றின் மேல் அடையாளம் ஒட்டித் தந்தால்தான் நன்றாகப் பிடிக்கும். மண்ணீரல் அப்படி இல்லை. கோட்டைப் பார்த்ததுமே அடையாளம் கண்டு, அதன்மேல் ஒட்டுகிற பொருளை உடனே செய்து ரத்தத்தில் விடும். ஒட்டு விழுந்த கிருமி எங்கே போனாலும் மாட்டும்.

புரிகிறதா? எழுதும்போது அழவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள்
மகள்


ஏப்ரல் 12

அன்பு மகளுக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை, டிப்போ சுவரில் சாய்ந்துகொண்டு படிக்கும்போது சட்டென்று விளங்கியது. இதை நான் தினமும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

முதல் வேலை, நான். ஓடி முடித்த பஸ் எல்லாம் என் குறுகலான கொட்டகை வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். நல்ல வண்டி கழுவிக்கொண்டு மறுபக்கம் போய்விடும். தேய்ந்த வண்டியை நான் ஓரம் கட்டி, பிரிக்கிறவர்களிடம் ஒப்படைப்பேன். இரும்பு வீணாகாது.

இரண்டாவது வேலை, பருந்து. நம் டிக்கெட் பரிசோதகரைத்தான் சொல்கிறேன், உனக்குத் தெரியாதா, நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் மூக்கைப் பிடித்து இழுத்தாயே. பிக்பாக்கெட்காரன் எவ்வளவு நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு ஆபீசர் மாதிரி ஏறினாலும் இந்த ஆள் பின்கழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். பிடிக்கக்கூடப் போக மாட்டார். பக்கத்தில் போய் அவன் முதுகில் கை வைத்து, "என்ன தம்பி, சௌக்கியமா" என்று சத்தமாகக் கேட்பார். அவ்வளவுதான், பஸ் முழுக்க எல்லாரும் பர்ஸைப் பிடித்துக்கொள்வார்கள். அவன் எந்த பஸ்ஸில் மாறி ஏறினாலும் கண்டக்டர்களுக்குத் தெரிந்துவிடும். போன வருடம் பருந்து கண் ஆபரேஷனுக்கு லீவில் போனார் அல்லவா? அந்த மாதம் மட்டும் எத்தனை பேர் பர்ஸ் போய்விட்டதென்று டிப்போ வாசலில் வந்து அழுதார்கள்.

ஆக, என் டிப்போவில் இப்போது பருந்து லீவு. இனி திரும்பி வரப்போவதும் இல்லை. சரிதானா?

இதைப் பருந்திடமே சொன்னேன். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "அப்ப உன் வயித்துல இருந்தது நான்தானா? இத்தனை வருஷம் என்னை இருட்டுல உக்கார வெச்சுட்டு ஒரு டீ வாங்கித் தரலையே" என்றார். சிரித்துத் தொலைத்தேன். தையல் இப்போது வலிக்கவில்லை.

தடுப்பூசிகள் போட்டுவிட்டார்கள். இரண்டு கையும் வீங்கியது. அது எதற்கென்றும் எனக்கே புரிந்துவிட்டது. பருந்து இல்லாத நாளில் பிக்பாக்கெட்காரர்கள் படத்தை டிப்போ சுவரில் ஒட்டி வைக்கிற மாதிரி. மற்ற கண்டக்டர்கள் பார்த்துப் பழகிக்கொள்ளட்டும் என்று. சரியென்றால் மார்க் போடு.

இன்னொரு செய்தி. டிப்போவில் எனக்கு மரியாதை கூடியிருக்கிறது. ஆபரேஷன் ஆனவன், மகள் டாக்டர் என்பதால் எல்லாரும் என்னிடம் வைத்தியம் கேட்கிறார்கள். சர்ஜன் அவசரத்துக்கென்று கொடுத்த மாத்திரைப் பட்டையைச் சட்டைப் பையில் பார்த்தவர்கள் எல்லாம் "நல்ல மாத்திரையா மேஸ்திரி?" என்கிறார்கள். உன் அப்பன் பாதி டாக்டர் ஆகிவிட்டான்.

நீ ஜூனில் உட்காருகிறாய். எனக்குப் புரிந்துவிட்டது. பேச்சு மாறக்கூடாது.

உன்
அப்பா


ஏப்ரல் 25

அன்புள்ள அப்பா,

முழு மார்க். தோழிகளுக்குப் படித்துக் காட்டினேன். எங்கள் வகுப்பில் இப்போது யாரும் மண்ணீரல் என்று சொல்வதில்லை, பருந்து என்றுதான் சொல்கிறார்கள். மறுதேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்கள். பருந்தின் வேலை கத்துவது மட்டும் இல்லை. எப்போது நிறுத்துவது என்பதும் அங்கேதான் முடிவாகிறது. கிருமி போன பிறகும் எதிர்ப்பு அடங்காவிட்டால் உடம்பு தன்னையே அடித்துக்கொள்ளும். அதனால் "போதும், அவன் இறங்கிட்டான், உக்காருங்க" என்று அடக்குகிற அணுக்களும் மண்ணீரலில் உண்டு. தூண்டுவதும் அடக்குவதும் ஒரே கூரையின் கீழ். எங்கள் பாடத்தில் இதைத்தான் ஒழுங்குபடுத்துதல் என்கிறார்கள். தேர்வாளர் அன்றைக்குக் கேட்க விரும்பியதும் இதைத்தான் என்று இப்போது தோன்றுகிறது.

இனி மகளாக இல்லாமல் டாக்டராக எழுதுகிறேன். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அது மற்றவர்களுக்கு வருகிற காய்ச்சல் இல்லை. கோட்டுப் போட்ட கிருமி உள்ளே வந்து, கத்துவதற்கு ஆள் இல்லை என்றால், காலையில் குளிர் எடுத்த ஆள் சாயங்காலம் இல்லாமல் போகலாம். ஊசி போட்டிருந்தாலும் எல்லா முகமும் அந்தச் சுவரில் கிடையாது. அதனால் உடம்பு குளிர்ந்து நடுங்கினாலோ, சுட்டாலோ, டீ குடித்துப் பார்க்கலாம் என்பது கிடையாது. படுத்துப் பார்க்கலாம் என்பதும் கிடையாது. பையிலிருக்கிற மாத்திரையைப் போட்டுக்கொண்டு நேராக ஆஸ்பத்திரி. போனதும் முதல் வார்த்தை "எனக்கு மண்ணீரல் இல்லை" என்பது. அப்புறம்தான் பெயர்.

கடிதத்தில் சத்தியம் செய்து தாருங்கள். அந்த மாத்திரை பையில் இருக்கிறதா? அதையும் எழுதுங்கள்.

உங்கள்
மகள்


மே 7

அன்பு மகளுக்கு,

அடக்குகிற அணு எது என்று எனக்குப் படித்தவுடனே தெரிந்துவிட்டது. நம் வீட்டில் அது உன் அம்மா. நான் எதற்காவது குதித்தால், "போதும், உக்காருங்க" என்பாள். ஆனால் என்னைக் கிளப்பிவிடுகிற அணுவும் அவளேதான். ஒரே கூரையின் கீழ் என்று நீ எழுதியது எவ்வளவு சரி.

சத்தியம் செய்கிறேன். குளிர் வந்தால் டீ இல்லை, படுக்கை இல்லை, நேராக ஆஸ்பத்திரி. முதல் வார்த்தை மண்ணீரல், அப்புறம் பெயர்.

மாத்திரைப் பட்டை சட்டைப் பையில்தான் இருக்கிறது. தினமும் சட்டை மாற்றும்போது மறக்காமல் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

நன்றாகச் சாப்பிடு. விழித்துப் படிக்காதே.

உன்
அப்பா


ஜூன் 1

அன்புள்ள அப்பா,

அடுத்த வாரம் தேர்வு. அதே தேர்வாளர். அதே ஜாடிகளாகத்தான் இருக்கும். பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் வாய் திறக்கும் என்று நினைக்கிறேன். இந்த முறையும் திறக்கவில்லை என்றால், அப்பா, நான் வேறு வேலை பார்த்துக்கொள்கிறேன். கோபத்தில் சொல்லவில்லை, நிதானமாகத்தான் சொல்கிறேன். நீங்களும் தடுக்கக்கூடாது.

தேர்வுக்கு முன்னால் ஒரு கடிதம் எழுதுவீர்களா? நல்ல செய்தியாக, டிப்போவில் நடந்த ஏதாவது ஒரு கூத்தை எழுதுங்கள். போன முறை மாதிரி ஒன்றை மட்டும் அனுப்பிவிடாதீர்கள். தாங்க மாட்டேன்.

உங்கள்
மகள்


ஜூன் 19

அன்பு மகளுக்கு,

நீ கேட்ட கடிதம் வரவில்லை என்று கோபமாக இருப்பாய். எழுத உட்கார்ந்தேன். எழுதினால் உண்மை எழுத வேண்டும், அதனால் பேனாவை மூடி வைத்துவிட்டேன். இப்போது உன் தேர்வும் முடிந்துவிட்டது, நானும் வீட்டில் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், பக்கத்தில் உன் அம்மா என் காதுக்குள் தெர்மாமீட்டரை விடாத குறையாக நிற்கிறாள். ஆகவே பயப்படாமல் படி. கதையின் முடிவு நல்ல முடிவுதான், முதலிலேயே சொல்லிவிட்டேன்.

உன் தேர்வுக்கு முந்தைய நாள் காலை. கொட்டகையில் நின்று தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தேன். பூட்ஸ் போட்டிருந்தேன், அதைக் குறித்துக்கொள். திடீரென்று குளிர். நல்ல வெயில், ஆனால் எனக்குப் பல் கிட்டியது. கையிலிருந்த குழாய் ஆடி ஆடி, ஓரமாக நின்று பேசிக்கொண்டிருந்த டிரைவரை முழுக்க நனைத்துவிட்டது. அவர் திட்ட வாயெடுத்தவர் என்னைப் பார்த்ததும், "என்னங்க மேஸ்திரி, ஆடறீங்க?" என்றார்.

டீ குடித்தால் சரியாகிவிடும் என்று என் கால் தானாக டீக்கடைப் பக்கம் திரும்பியது. பழக்கம். இரண்டு எட்டு வைத்ததும் சத்தியம் ஞாபகம் வந்தது. நின்றேன். பையிலிருந்து பட்டையை எடுத்தேன்.

பட்டை இருந்தது. மாத்திரை இல்லை.

கோபப்படாதே. அதாவது, கோபப்படு, ஆனால் முழுக்கப் படித்துவிட்டுப் படு. டீக்கடை அக்காவுக்குப் பல்வலி என்று ஒன்று கொடுத்தேன். ஒரு டிரைவருக்குத் தொண்டைப் புண், அவருக்கு ஒன்று. பருந்துக்கு இருமல் என்று இரண்டு. டிப்போ கேன்டீன் சமையல்காரருக்குக் கால் கட்டைவிரலில் ஏதோ. ஆளுக்கு ஒன்றுதானே என்று கொடுத்தேன். கேட்டவர்கள் முகத்தைப் பார்த்து எப்படி இல்லை என்பது. உனக்கு மே மாதம் எழுதியபோது பட்டை இருக்கிறது என்றுதான் எழுதினேன், மாத்திரை இருக்கிறது என்று எழுதவில்லை. அப்போது அது ரொம்பச் சாமர்த்தியமாகத் தெரிந்தது. வெயிலில் நடுங்கிக்கொண்டு, ஓட்டை விழுந்த தகரத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது அவ்வளவு சாமர்த்தியமாகத் தெரியவில்லை.

பருந்து ஓடி வந்தார். பட்டையைப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போயிற்று. "நான் ரெண்டு சாப்பிட்டேனேய்யா. இருமலும் போகலையே" என்றார்.

"மாத்திரையை விடு. ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே. எனக்கு உள்ளே நீ இல்லை" என்றேன். வேறு யாராவது கேட்டால் பித்துப் பிடித்துவிட்டது என்பார்கள். பருந்துக்கு விளங்கியது. உன் பாடம் அவருக்கும் மனப்பாடம்.

கழுவி முடித்த பஸ் ஒன்று ஈரம் சொட்டச் சொட்ட நின்றது. நான் நனைத்த அதே டிரைவரை அதில் ஏற்றினார். என்னைத் தூக்கி முன் சீட்டில் போட்டார். டிப்போ மேலாளர் ஜன்னலில் இருந்து, "அந்த வண்டி எந்த ரூட்?" என்று கத்தினார். பருந்து, "மண்ணீரல் ரூட் சார், நடுவுல நிறுத்தம் கிடையாது" என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்தினார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஜனங்கள் கையைக் காட்டினார்கள், நாங்கள் நிற்கவில்லை. ஒரு அம்மா செருப்பைக் காட்டினாள். பெரிய பஸ்ஸில் நான் ஒருவன் மட்டும் ராஜா மாதிரி, ஆனால் நடுங்குகிற ராஜா. பருந்து என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் பழக்க தோஷத்தில், "டிக்கெட்?" என்றார். "இல்லை" என்றேன். "முதல் தடவையா டிக்கெட் இல்லாத ஆளை விடறேன்" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்த நர்ஸ், "பேர் என்ன?" என்றார். "எனக்கு மண்ணீரல் இல்லை" என்றேன். அந்தப் பெண் எழுதிக்கொள்வதற்காகக் கையிலெடுத்த பேனாவைக் கீழே போட்டுவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். பெயரை வெகுநேரம் கழித்துத்தான் கேட்டார்கள். அதற்குள் இரண்டு கையிலும் ஊசி ஏறி, மருந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. அதே சர்ஜன் வந்து எட்டிப் பார்த்தார். "நல்ல வேளை, நேரா வந்தீங்க. சாயங்காலம் வந்திருந்தா உங்ககிட்ட இப்படிப் பேசிட்டிருக்க முடியாது" என்றார். "யாருங்க சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார். "எங்க டாக்டர்" என்றேன். எந்த டாக்டர் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

உன் அம்மா வந்து சேர்ந்தாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. போனைக் கையில் எடுத்துக்கொண்டு, "பாப்பாவுக்குச் சொல்லட்டுமா?" என்றாள்.

"நாளைக்குப் பரீட்சை" என்றேன்.

"உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா அவ என்னை மன்னிப்பாளா?"

"போன தடவை ஒரு கடுதாசி போட்டே அவளைப் பரீட்சையில விழ வெச்சுட்டேன். இந்தத் தடவை விழ வெச்சா எந்திரிக்க மாட்டா."

உன் அம்மா போனைப் புடவை மடிப்பில் வைத்துக்கொண்டாள். ராத்திரி முழுக்க அதன்மேலேயே கையை வைத்துக்கொண்டிருந்தாள், தானாக ஓடிப்போய் உன்னைக் கூப்பிட்டுவிடும் என்கிற மாதிரி. இடையில் ஒரு தடவை, "போதும், கண்ணை மூடுங்க" என்றாள். அடக்குகிற அணு.

மறுநாள் மத்தியானம் உடம்பு வேர்த்துக் காய்ச்சல் இறங்கியது. ரத்தப் பரிசோதனையில் கோட்டுப் போட்டவன்தான் அகப்பட்டிருக்கிறான். வேறு கோட்டு, சுவரில் ஒட்டியிருந்த படங்களில் இல்லாத முகம். பரவுவதற்குள் பிடித்துவிட்டார்கள். சர்ஜன் என் கட்டிலருகே நின்று தாளைப் பார்த்து, "தப்பிச்சிட்டீங்க, இனி பயமில்லை" என்று சொல்லி முடிக்கவில்லை, உன் அம்மாவின் மடியில் போன் அடித்தது. நீ.

அம்மா வழக்கம்போல் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டாள். சர்ஜன், நர்ஸ், பக்கத்துக் கட்டில்காரர், எல்லாரும் கேட்டார்கள். அதே தேர்வாளர், அதே ஜாடி, "இது இல்லாத நோயாளிக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று அவர் கேட்டதையும், நீ நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போய், நடுவில் வாய் தவறி "பருந்து" என்று சொல்லிவிட்டதையும், அவர் "எது?" என்று கேட்டுக் கடைசியில் சிரித்ததையும் மூச்சு விடாமல் சொன்னாய். "அப்பா, நான் பாஸ்" என்றாய். அந்த நேரம் பார்த்து என் தலைக்கு மேல் இருந்த மருந்து மெஷின் கீச் கீச் என்று கத்தியது. "அது என்ன சத்தம்?" என்றாய். "டிப்போவில் பஸ் ரிவர்ஸ் எடுக்கறாங்க" என்றேன். போனில் அளக்கலாம் என்பது உன் சட்டம்தான்.

நீ நம்பினாயா, நம்பினது போல இருந்தாயா என்று எனக்கு இன்னும் தெரியாது.

இப்போது எல்லாம் ஒழுங்கு. புது மாத்திரைப் பட்டை உன் அம்மாவின் பொறுப்பில் இருக்கிறது. அவளிடம் கேட்டு வாங்க டிப்போவில் யாருக்கும் தைரியம் இல்லை. டீக்கடை அக்கா பல்லைப் பிடுங்கிவிட்டாள். பருந்து தினமும் வந்து கட்டிலின் காலடியில் உட்கார்ந்து, "நான் வெளியிலயாவது இருக்கேன்ல" என்று சொல்லிவிட்டுப் போகிறார். விடுமுறைக்கு வா, மெதுவாக வா, இருக்கிற பாடத்தை முடித்துவிட்டு வா. திட்டுவதை அப்போது வைத்துக்கொள்ளலாம், நானும் உட்கார்ந்து கேட்கிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. அன்றைக்கு நீ போனில் "அப்பா, நான் பாஸ்" என்று சொன்னபோது, சர்ஜன் கையில் என் ரிசல்ட் தாளோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் நீ கேள்வி கேட்பாய் என்று விழுங்கிவிட்டு, "சந்தோஷம்மா, போய்ச் சாப்பிடு" என்றேன்.

நானும்.

உன்
அப்பா